புது டயரும் எருமை அடியும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயம் கொஞ்சம் தெளிந்து, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்பது எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது. அப்போது மட்டக்களப்பில் ஒரு பிறக்கிராசியிடம் நான் சட்டப் பயிற்சியில் இருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிறக்கிராசி என்ற சொல்லே தெரியாமல் இருக்கலாம். காணிப் பத்திரமான உறுதி எழுதி, வழக்குப் பத்திரம் தயாரித்து, நீதிமன்றமான கோட்டில் பேசவும் செய்கிற வழக்கறிஞர் அவர். கொழும்பில் வகுப்புகளை முடித்துக்கொண்டு, இப்படி ஒருவருக்குக் கீழே சில வருடம் வேலை பழகி, கடைசிச் சோதனையிலும் சித்தியடைந்தால்தான் நானும் அப்படி ஆகலாம். அந்தக் கடைசிச் சோதனையில் நான் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருந்தேன்.

சட்டம் படிப்பது என்றால் கறுப்புக் கோட்டும் கம்பீரமான பேச்சும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். கிடைத்தது கை வலி. ஒரு காணி உறுதி எழுதினால் அதற்குப் பிரதிகள் வேண்டும், எல்லாம் கையால்தான். வடக்கே இன்னாரின் தென்னந்தோட்டம், கிழக்கே ஆறு, தெற்கே இன்னாரின் முதுசக் காணி என்று எழுதி எழுதி, கனவிலும் எனக்கு நாலு எல்லைதான் வரும். காலையில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போய் என் எசமானான பிறக்கிராசிக்குப் பின்னால் நிற்க வேண்டும். மத்தியானம் கட்சிக்காரர்களின் குறை கேட்க வேண்டும். அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து தொடங்குவார்கள். பின்னேரம் மறுபடியும் உறுதி. இவ்வளவும் முடிந்து நாவற்குடாவுக்கு வந்து, விளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு உரோமன் டச்சுச் சட்டத்தைத் திறந்தால், முதல் பக்கம் முடிவதற்குள் நெற்றி புத்தகத்தில் போய் இடிக்கும்.

நாவற்குடா வீடு என் மனைவியின் வீடு. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆகவே நான் ஒவ்வொரு முறை விழுந்ததும் மாமியின் கண் முன்னால்தான். முதல் வருடம், "மருமகன் படிக்கிறார், சத்தம் போடாதீங்க" என்று மாமி அயலாரிடம் சொன்னதில் ஒரு பெருமை இருந்தது. மூன்றாம் வருடமும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். சொன்ன விதம் மாறிப் போயிருந்தது. நான் கேட்காதது மாதிரிப் பக்கத்தைப் புரட்டுவேன்.

எசமானிடம் ஒரு கார் இருந்தது. பெற்றோல் பங்கீடு வந்ததும் அதைக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டுவது நான், பின்னால் குடையும் கறுப்புக் கோட்டுமாக அவர். கல்முனைக் கோட்டில் வழக்கு என்றால் இரண்டு பேரும் அப்படித்தான் போவோம். போவோம் என்றால், டயர் விட்டால் போவோம். தேய்ந்து தேய்ந்து அந்த டயர்களுக்குள் இருக்கும் துணி வெளியே தெரிந்தது. டியூப்பில் றப்பரை விட ஒட்டுத்தான் அதிகம். கடைசியில் காற்று நிற்பதே இல்லையென்று ஆனபோது, உள்ளே வைக்கோலைத் திணித்து ஓட்டினோம். றப்பர் விளைகிற நாட்டில் டயருக்குள் வைக்கோல். ஊரில் இருந்த அத்தனை வண்டிகளுக்கும் அப்போது ஏறக்குறைய இதே கதிதான்.

எசமான் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடையாய் நடந்து, அங்கே இருந்தவர்களை அலுக்கப் பண்ணி, புது டயர் இரண்டுக்கு அனுமதி வாங்கினார். அவை ரயிலில் வந்து, வண்டியில் பூட்டி, முதல் தடவை கோட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திய அன்று அங்கே ஒரு கூட்டம் கூடிவிட்டது. கோட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் குனிந்து மணந்து பார்த்தார். நீதவான்கூடப் படியில் இறங்கும்போது ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். ஊரெல்லாம் வழுக்கைத் தலை, எங்கள் வண்டிக்கு மட்டும் புதுசாய் முடி முளைத்திருந்தது. மணலில் போனால் தெளிவாக ஒரு தடம் விழும்: நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் மீன் முள்ளுப் போலச் சாய்ந்த வெட்டுகள். மட்டக்களப்பு முழுவதிலும் அப்படித் தடம் போடும் மோட்டார் சைக்கிள் வேறு இருந்ததாக எனக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை சோதனைக்குக் கொழும்புக்குப் புறப்பட ஒரு கிழமை, ஏழே நாள், இருந்தது. இந்த முறையும் விழுந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது கிளாக்கர் வேலைக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் எழுந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள். அதுதான் எனக்கு இன்னும் களைப்பைத் தந்தது. எசமானிடம் போய், படிப்பதற்கு அந்தக் கிழமை லீவு கேட்டேன்.

"படி, படி. ஆர் வேணாமெண்டது?" என்றார். "நாளைக்கு மட்டும் உன்னிச்சைக்கு ஒருக்காப் போயிட்டு வா."

உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் இருந்த ஒரு கட்சிக்காரர், அவருக்காக நாங்கள் வழக்காடலாம் என்று அதிகாரம் தருகிற பத்திரத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. திங்கட்கிழமை வழக்கு. பத்திரம் இல்லாவிட்டால் அவருடைய காணி கேட்பாரில்லாமல் போய்விடும். போகத்தான் வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது.

மறுநாள் எழும்பும்போதே உடம்பு சரியில்லை. மூட்டெல்லாம் உளைந்தது, வாய் கசந்தது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "இஞ்சாருங்க, இது நல்ல சூடில்ல. இண்டைக்குப் போகாதீங்க" என்றாள். ஒரு கொயினாக் குளிசையை விழுங்கிவிட்டு, அவள் கட்டித் தந்த சோற்றையும் எடுத்துக்கொண்டு எசமான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். எனக்காக வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள்.

"தம்பி, கல்லு முள்ளுப் பாத்து ஓட்டு. நீ விழுந்தா எழும்பலாம். டயர் கிழிஞ்சா யுத்தம் முடியுமட்டும் நமக்கு நடைதான்."

வாவியைப் 'பாதை'யில் கடந்தேன். தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பேர். அதில் வந்தவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்தார்கள். ஒருவர் விரலால் அழுத்திக்கூடப் பார்த்தார். அக்கரையில் இறங்கினால் படுவான்கரை, வழி நெடுக வயல். மாரி தொடங்கும் காலமென்பதால் எங்கு பார்த்தாலும் எருமைகள் சேற்றில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. எருமைகளை நடத்தி அவற்றின் காலால் வயலை உழக்குவதுதான் அந்த நாளில் அந்தப் பக்கத்து உழவு. எருமை இல்லாதவனுக்கு அந்தப் போகம் விதைப்பும் இல்லை.

கட்சிக்காரர் சுலபத்தில் கையெழுத்து வைக்கிற ஆளாக இல்லை. பத்திரத்தை மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்து, மூன்று பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பேனையைத் தொட்டார். மத்தியானம் தாண்டிவிட்டது. எனக்குக் கண் எரிந்தது. கெதியாகப் போக வழி உண்டா என்று கேட்டேன். காட்டுக்குள்ளால் ஒரு வண்டித் தடம் இருக்கிறது, அதில் போனால் பெரிய தெருவைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்றார்கள். அதில் இறங்கினேன்.

பாதிக் காட்டில் எனக்குக் குளிர் பிடித்தது. மலேரியா வந்தவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எனக்குப் பல் கிட்டுகிறது. கை நடுங்கி வண்டி ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்து ஒரு மரத்தடியில் சாய்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. யானை திரிகிற காடு அது. அந்தி சாய்ந்தால் மனிதர் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த நிலைமையில் ஒரு மனிதன் கடவுளை நினைக்க வேண்டும், பெண்டாட்டியை நினைக்க வேண்டும். நான் சாட்சியச் சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று மறந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. இடையிடையே தலையைத் திருப்பி, டயருக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று வேறு பார்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குச் சாகப் போகிறேன் என்ற பயத்தை விட, செத்தாலும் இந்தப் படிப்பு என்னை விடாது போலிருக்கிறதே என்ற அலுப்புத்தான் பெரிதாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கண்ணைத் திறந்தபோது ஒருவர் என் முன்னால் பொல்லை ஓங்கிக்கொண்டு நின்றார். மடித்துக் கட்டிய சாரன், தலையில் வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை சேறு.

"எங்கடா என்ட எருமை?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கேக்கிறன், எங்கடா? பட்டாளத்துக்கு வித்திட்டியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பல் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவர் இன்னும் கிட்ட வந்து என்னைப் பார்த்தார். பொல்லு மெல்லக் கீழே இறங்கியது. புறங்கையை என் கழுத்தில் வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார்.

"அல்லாவே! நெருப்பா எரியிதே."

அவர் ஏறாவூர் ஆள். உன்னிச்சையில் குத்தகைக்கு வயல் செய்கிறவர். உழவுக்கு வைத்திருந்த அவருடைய சோடி எருமையை முந்தின இரவு யாரோ சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டாளத்துக்கு இறைச்சி வேண்டியிருந்த காலம். மாட்டுக் களவு மலிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் மாடு களவு போனால் பொலிசுக்குப் போகமாட்டார்கள். நிலத்தில் குளம்படியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார்கள். அடி எங்கே முடிகிறதோ அங்கே மாடு. கள்ளர்கள் குளத்துத் தண்ணீருக்குள்ளால் எருமைகளை நடத்தி அடியை மறைத்திருந்தார்கள். இவர் விடியலிலிருந்து குளத்தைச் சுற்றி அலைந்து, பின்னேரம்தான் அடியைத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார். பார்த்தால், எருமை அடிக்கு மேலே மீன் முள்ளு மாதிரி ஒரு தடம்.

புது டயர் போட்ட மோட்டார் சைக்கிளில் காட்டுக்குள் வருகிறவன் யாராக இருப்பான்? பட்டாளத்துக்கு மாடு வாங்கிக் கொடுக்கிற தரகன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஓரிடத்தில் எருமை அடி வண்டித் தடத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் இறங்கியது. டயர்த் தடம் நேரே போனது. மாட்டை எப்படியும் பிடிக்கலாம், முதலில் ஆளைப் பிடிப்போம் என்று டயருக்குப் பின்னால் வந்தாராம். தேய்ந்த டயராக இருந்திருந்தால் அந்த மணலில் அவர் கண்ணுக்கு ஒன்றுமே பட்டிருக்காது. நான் அந்த மரத்தடியிலேயே கிடந்திருப்பேன்.

நான் திக்கித் திணறி, பிறக்கிராசியின் பெயர், கையெழுத்துக்கு வந்த கதை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மரங்களுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கட எருமை?" என்று கேட்டேன்.

"அது எங்க போற? அடி கிடக்குந்தானே, விடிஞ்சாப் பாப்பம். ஒழும்புங்க தம்பி."

வெறும் ஆளென்றால் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பார். நான் வண்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன்.

"டயர் புதுசு" என்றேன்.

"மனிசன் சாகக் கிடக்கான், டயராம்" என்று அவர் சத்தம் போட்டார். நான் மறுபடியும் டயர் புதுசு என்றேனாம். அவர் தலையில் அடித்துக்கொண்டு, வண்டியை நிமிர்த்தி, என்னைத் தூக்கி அதில் இருத்தி, தன் தோளில் கிடந்த துவாயால் என் இடுப்பைத் தன்னோடு சேர்த்துக் கட்டினார். ஒரு கையால் வண்டியையும் மற்றக் கையால் என்னையும் பிடித்துக்கொண்டு, தன் வாடியை நோக்கித் தள்ளத் தொடங்கினார். வாடி என்பது வயலில் காவலுக்கும் தங்குவதற்கும் போடுகிற குடிசை.

வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தார். என் பாரத்தை ஏசினார், மணலை ஏசினார், காய்ச்சலோடு ஆளை அனுப்பின பிறக்கிராசியை நன்றாக ஏசினார். அது மட்டும் எனக்கு இதமாக இருந்தது. டயரை மாத்திரம் அவர் ஏசவில்லை. "சாமான் நல்லாத்தான் உருளுது" என்று ஒரு தடவை சொன்னார். நான் சட்டம் படிக்கிறேன் என்று தெரிந்ததும் ஏச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"களவெடுத்தவனுக்காகவும் நீங்கதானே கோட்டில கதைக்கிற?"

"ஓம்."

"அப்ப, என்ட எருமையக் களவெடுத்தவன் நாளைக்கு உங்களிட்ட வந்தா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காய்ச்சல் என்று அவர் நினைத்திருப்பார். எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி வந்திருக்கவில்லை.

வாடியை அடைந்தபோது பொழுது பட்டுவிட்டது. சாக்கை விரித்து என்னைக் கிடத்தினார். தன்னிடமிருந்த போர்வைக்கு மேலே இன்னொரு சாக்கையும் போட்டார். கொத்தமல்லி அவித்து, ஊதி ஊதி, வாயில் ஊற்றினார். பிறகு கை கால் கழுவி, ஒரு மூலையில் பாயை விரித்து, அந்தித் தொழுகையான மஃரிப் தொழுதார். அவர் தொழுது முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. பட்டென்று பிடித்து, கூரையே இறங்கிவிடும் போலக் கொட்டியது.

அவர் போய் வாசலில் நின்றார். வெளியே கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டே நின்றார். விதைப்புக் காலத்தில் மழையைக் கண்ட விவசாயியின் சந்தோசம் என்று நான் நினைத்தேன். இவ்வளவு செய்த மனிதருக்கு நானும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது.

"நல்ல மழை" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"ஓம் தம்பி," என்றார். "நல்ல மழை."

மறுநாள் காலையில் ஒரு மாட்டு வண்டி பிடித்து, வைக்கோல் பரப்பி, என்னை ஏற்றித் துறைக்கு அனுப்பினார். மோட்டார் சைக்கிள் தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்றார். பெயர் கேட்க எனக்கு அப்போது அறிவில்லை. காய்ச்சல் திரும்ப ஏறிவிட்டது. துறையைக் கடந்ததும் ஆசுபத்திரியில் போட்டார்கள். கட்டிலில் கிடந்தபடியே என் சோதனை நாள் வந்து போனது. கொழும்புக்கு ரயில் புறப்படுகிற நேரத்தில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அடுத்த முறை எழுதலாம். விடாதீங்க" என்றாள். அத்தனை நாள் நான் காத்திருந்த வார்த்தை அது. கேட்டபோது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

எசமானும் வந்து பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "டயர் எங்க?" என்றார். சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கள்ளச் சந்தையில் அந்த இரண்டு டயரையும் விற்றால் ஒரு நல்ல சோடி எருமை வாங்கலாம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், காட்டுக்குள் இருந்த அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கும்.

சில நாள் கழித்து மோட்டார் திருத்துகிற ஒருவர் போய் வண்டியைக் கொண்டுவந்தார். ஈரத்தில் நிற்காமல் கல் அடுக்கித் தூக்கி வைத்து, வைக்கோலால் மூடியிருந்ததாம். டயரில் ஒரு கீறலும் இல்லை. கையெழுத்து வைத்த பத்திரமும் என் பையோடு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் வழக்கு திங்கட்கிழமை எடுபடவே இல்லை, நீதவானுக்கும் காய்ச்சல். அந்த மனிதரைக் கண்டாரா என்று திருத்துகிறவரிடம் கேட்டேன். "ஆளில்ல. எங்கேயோ கூலி வேலைக்குப் போயிற்றாராம்" என்றார். கூலி வேலைக்குப் போகாதவர் அந்த நாளில் யார்? நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. புத்தகங்கள் காத்துக்கொண்டிருந்தன.

அடுத்த தடவை எழுதிச் சித்தியடைந்தேன். மாமி அயலுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தார். கறுப்புக் கோட்டு தைத்தேன். அது நான் நினைத்திருந்ததை விடப் பாரமாக இருந்தது, வியர்வையில் உடனே மணக்கவும் தொடங்கிவிட்டது.

என் கையில் தனியாகக் கிடைத்த ஆரம்ப வழக்குகளில் ஒன்று மாட்டுக் களவு. நான் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், பக்கம். எதிர்ப் பக்கத்துச் சாட்சி, மாட்டைப் பறிகொடுத்த படுவான்கரை விவசாயி ஒருவர். அடி பார்த்துப் பின்னால் போய், பாதியில் திரும்பி வந்துவிட்டதாகவும், எதிரியின் பட்டியில் மாட்டைக் கண்டது பல நாள் கழித்துத்தான் என்றும் சொன்னார். இப்படிப்பட்ட சாட்சியை மடக்க எசமான் எனக்கு ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். முதலில், ஏன் பாதியில் திரும்பினாய் என்று கேள். என்ன சொன்னாலும் விடாதே. உண்மையில் உன்னுடைய மாடு என்றால் பாதியில் திரும்பியிருப்பாயா, சொந்தக்காரன் எவனாவது அடியை விட்டுவிட்டு வருவானா என்று அடுத்ததைப் போடு. ஆள் அதோடு விழுந்துவிடுவான்.

நான் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். முதலியார் அதைத் தமிழில் கேட்டார். சாட்சிக் கூட்டிலிருந்தவர் என்னைப் பார்த்து, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரிச் சொன்னார்:

"மழை வந்திட்டு ஐயா. மழை விழுந்தா மறுகா அடி ஏது? திரும்பினா அதோட மாடு போயிற்றுத்தான்."

முதலியார் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்கு அதற்கு முன்பே கேட்டுவிட்டது. கையில் இருந்த பென்சிலை மேசையில் வைத்தேன். மரங்களுக்கு மேலே மேகத்தைப் பார்த்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, என் முன்னால் நின்ற அந்த மனிதர்தான் தெரிந்தார். அன்றைக்கு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அடி கிடக்கும், விடிந்தால் பார்ப்போம் என்று அவர் சொன்னபோது, விடியும்போது அடி இருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் போகத்தையே காட்டுக்குள் விட்டுவிட்டு, துவாயால் என்னைத் தன்னோடு கட்டிக்கொண்டு, எதிர்ப் பக்கமாக வண்டியைத் தள்ளியிருக்கிறார். அவருடைய எருமைகளின் அடி கரைந்துகொண்டிருந்த நேரத்தில்தான், நல்ல மழை என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. சொந்தக்காரன் எவனாவது அடியை விட்டுவிட்டு வருவானா? என்னால் கேட்க முடியவில்லை. வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். பின்னால் இருந்த எசமான் எனக்குக் கேட்கும்படியாகவே உச்சுக் கொட்டினார். வேறு சாட்சி போதாதென்று எதிரியை எப்படியும் விட்டுவிட்டார்கள். அவன் கள்ளனா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உன்னிச்சைக்குப் போனேன். வாடி இருந்த இடத்தில் வேறு யாரோ வயல் செய்தார்கள். குத்தகையை விட்டுவிட்டு அவர் போய் வெகு நாளாகிவிட்டது என்றார்கள். ஏறாவூரில் விசாரித்தேன். எருமை களவு போய் வயலை விட்ட ஒருவர், யுத்த காலத்தில் என்று சொன்னேன். பள்ளிவாசலுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அந்த நாளையில எருமை களவு போகாத ஆளச் சொல்லுங்க, தேடித் தாறம்" என்றார் ஒருவர். பல தடவை போனேன். பெயர் தெரியாத ஒருவரைத் தேடுவது எப்படி என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

இத்தனை வருடக் கோட்டு வாழ்க்கையில், சத்தியம் பண்ணிவிட்டுச் சொல்லப்பட்ட எத்தனையோ பொய்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் மாரியின் முதல் மழை கூரையில் விழும்போதெல்லாம், சத்தியம் எதுவும் பண்ணாமல், முகத்தைக்கூடத் திருப்பாமல், என் மனம் நோகக்கூடாதென்று 'ஓம் தம்பி, நல்ல மழை' என்று அந்த மனிதர் சொன்ன பொய் எனக்குக் கேட்கிறது. அதற்கு முன் காட்டில் 'அடி கிடக்குந்தானே' என்று அவர் சொன்ன பொய்யினால்தான் நான் இன்றைக்கும் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.